தாய்மாமன் சீருல பாதாம்பால் சோப்பு

உங்க கையில யாராச்சும் ஒரு துண்டு மைசூர்பாக் குடுத்தா, வாயில போடுறதுக்கு முன்னாடி அந்தக் கவருல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாப்பீங்களா?

மாட்டீங்க. சும்மா நடிக்காதீங்க. நானும் பாக்க மாட்டேன். லேபிள் டிசைன் பண்ணியே சோறு திங்கிற நானே பாக்க மாட்டேன்னா, மண்டபத்துல இடுப்புல ஒரு புள்ள, கையில ஒரு புள்ளன்னு நிக்கிற அக்காவா பாக்கப் போகுது?

திங்கக்கெழமையில இருந்து வில்லாபுரம் ஆபீஸ்ல என் சீட்டுல நீங்க ரெண்டு பேரும் உக்காரப் போறீங்க. எந்த ஃபைல் எங்க கெடக்கு, பிரஸ்காரருக்கு எப்புடி அனுப்பணும், நம்ம லோகோல எந்த பச்சை, எந்த ஃபாண்ட்டு, அதையெல்லாம் நான் சொல்லப் போறதில்ல. காலேஜ் முடிச்ச ஆளுங்கதான, தோண்டி எடுத்துக்கங்க. நான் வேலைக்குச் சேந்தப்பவும் எவனும் சொல்லித் தரல. நான் சொல்லப் போறது ஒரே ஒரு காதணி விழா கதை. இத முழுசா படிச்சுட்டு அப்பறமா மவுஸ்ல கை வைங்க.

நம்ம வேலை என்னன்னு தெரியும்ல? வீட்டுல கையால சோப்பு போடுறவுக, நலங்கு மாவு அரைக்கிறவுக, ஹேர் ஆயில் காச்சுறவுக, இவுகளுக்கு லேபிள் போட்டுக் குடுக்குறது. அதுல ஒருத்தவுக கவிதா அக்கா. திருப்பரங்குன்றத்துல வீட்டு மொட்டமாடியில ஷெட்டு போட்டு சோப்பு போடுறாக. அவுக சரக்குலயே டாப்பு பாதாம்பால் சோப்பு. கடலமாவு, பாதாம், பால், கொஞ்சூண்டு ஏலக்காய் எண்ணெய். கலரு அப்புடியே நெய் வடியிற மைசூர்பாக் கலரு. வாசமும் அதே வாசம். கண்ணாடிக் கவருல சுத்தி வச்சா, சத்தியமா எச்சி ஊறும்.

அதனாலயே அந்த லேபிளுக்கு நான் அக்காகூட பெரிய சண்டை போட்டிருக்கேன். அக்காவுக்கு பாதாம் படம் வேணும், பால் ஊத்துற படம் வேணும், குங்குமப்பூ தூவணும். நான் சொன்னேன், "அக்கா, இம்புட்டும் போட்டா இது சோப்பா, பாயாசமா?" அக்கா மொறச்சாக. "படம் இல்லாம மொட்டையா இருந்தா எவடி வாங்குவா?" நான் விடல. ஒரே ஒரு காபித்தூள் கலரு பட்டை, அதுல கொட்டை எழுத்துல 'பாதாம்பால் குளியல் சோப்பு', கீழ 'மேலுக்குத் தேய்க்க மட்டும்'. அவ்வளவுதான். தள்ளி நின்னு பாத்தாலும் சோப்புன்னு தெரியும். அம்புட்டு கிளியரு. ஓனரே பாத்துட்டு, "ஏய், இது நல்லா இருக்கும்மா"ன்னாரு. அவரு வாயில அது வர்றது எம்புட்டு கஷ்டம்னு போகப் போகத் தெரியும் உங்களுக்கு.

ஆக, லேபிள் பக்காவா இருந்துச்சு. இத ஞாபகத்துல வச்சுக்கங்க. லேபிள்ல ஒரு கொறையும் இல்ல.

அப்பத்தான் செல்வம் அண்ணே வந்தாரு. செக்கானூரணிப் பக்கம் டைல்ஸ் கடை வச்சிருக்காரு. கவிதா அக்காவுக்குத் தெரிஞ்சவரு. அவரோட சொந்த அக்கா மகனுக்குக் காதணி விழா. தாய்மாமன் இவருதான். மாமன் மடியில உக்கார வச்சுத்தான காது குத்தணும், சீரு முழுக்க இவரு பொறுப்பு. அண்ணே நம்ம ஆபீசுக்குள்ள வந்து உக்காந்ததும் மொதல்ல சொன்னதே இதுதான்:

"தங்கச்சி, எங்க அக்கா கல்யாணத்துல நாங்க ஒண்ணும் பெருசா செய்ய முடியல. அதச் சொல்லிச் சொல்லியே அவுக மாமியாரு குத்திக்கிட்டே இருக்கு. 'என்னத்தக் கொண்டாந்த, என்னத்தக் கொண்டாந்த'ன்னு. இந்தச் சீருல அந்தப் பேச்சு நிக்கணும். என் அக்கா அந்த வீட்டுல தலை நிமிந்து நடக்கணும். அம்புட்டுத்தான் எனக்கு."

சொல்லும்போது மனுசனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. அப்பறம் உடனே கெத்தாகிட்டாரு.

"அதுக்கு ஸ்டிக்கர் ஒண்ணு வேணும். வட்டமா. ஒரு பக்கம் நானு, ஒரு பக்கம் என் மருமகன், நடுவுல சிங்கம்."

"சிங்கம் எதுக்குண்ணே?"

"சிங்கம் இல்லாமயா?"

"சோப்புலயா ஒட்டப் போறீங்க?"

"சோப்புல இல்ல தங்கச்சி, தட்டுல. சீர்த்தட்டு அம்புட்டுலயும் ஒட்டணும். வீடியோவுல அப்புடியே தகதகன்னு தெரியணும்."

சரின்னு போட்டுக் குடுத்தேன். தங்க பார்டர், 'தாய்மாமன் சீர்'னு எழுத்து, நடுவுல சிங்கம். கவிதா அக்காகிட்ட பாதாம்பால் சோப்பு சின்னச் சின்னத் துண்டா ஆர்டரு. சீருல சோப்பு வைக்கிறது புதுசு, ஊரே பேசும்னு அண்ணனுக்கு ஐடியா. பேசத்தான் செஞ்சுச்சு.

விழா நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு மண்டபத்துல. நானும் கவிதா அக்காவும் காலையிலேயே போயிட்டோம். அக்காவுக்குப் பத்திரிகை வச்சிருந்தாக. நான் போனது ரீல்ஸ் எடுக்க. அக்கா பேஜுல போடுறதுக்கு, 'நம்ம சோப்பு தாய்மாமன் சீருல'ன்னு. செம்ம கன்டென்ட்டுல்ல?

சீரு வந்துச்சு பாருங்க, அதுக்கு ஈடே இல்ல. பிள்ளையார் கோயில்ல இருந்து மண்டபம் வரைக்கும் மேளம், வெடி, வழியெல்லாம் அண்ணன் மூஞ்சி போட்ட ஃபிளெக்ஸ். பொம்பளைக தட்டத் தலையில வச்சு வரிசையா வாராக. பழம், பட்டு, வெள்ளி டம்ளரு, ஸ்வீட்டு, சோப்பு. எல்லாத்தையும் மேடைக்கு முன்னாடி எறக்கி அடுக்குனாக. அண்ணன் அக்கா மேடையில நின்னு அதப் பாத்துச்சு. அது மூஞ்சி இப்பவும் எனக்குக் கண்ணுல நிக்கிது. பக்கத்துல மாமியாரு வாயத் தொறக்காம நிக்கிது. அதுவே பெரிய ஜெயிப்பு.

நான் போனத் தூக்கிட்டு சோப்புத் தட்டுக்கு க்ளோசப் போலாம்னு குனியிறேன்.

சோப்பக் காணோம்.

எங்க பாத்தாலும் சிங்கம். ஒவ்வொரு பாக்கெட்டுலயும் அண்ணன் மூஞ்சி, மருமகன் மூஞ்சி, நடுவுல சிங்கம். தட்டுல மட்டும் இல்ல, தட்டுக்குள்ள இருக்க சின்னச் சின்னப் பாக்கெட்டுலயும். ஒரு பாக்கெட்ட எடுத்து நகத்தால சிங்கத்த உரிச்சேன். அடியில என் காபித்தூள் பட்டை. 'குளியல் சோப்பு' அப்புடியே அடியில கெடக்கு, மூஞ்சிய மூடிட்டு.

இன்னொண்ண உரிச்சேன். அடியில ஒண்ணும் இல்ல. அது நெசமான மைசூர்பாக். ஸ்வீட் ஸ்டால்ல தனித்தனியா கவரு போட்டு வாங்கினது. அதே சைசு. அதே கலரு. அதே கண்ணாடிக் கவரு.

பக்கத்துல அண்ணன் கூட்டாளி ஒருத்தன் கூலிங் கிளாஸப் போட்டுக்கிட்டு நின்னான். அவன்கிட்ட கேட்டேன், "அண்ணே, இதுல யாரு ஸ்டிக்கர் ஒட்டுனது?"

பய பல்லக் காட்டுறான். "நாங்கதான் தங்கச்சி. தட்டுல ஒட்டி நெறைய மிஞ்சிருச்சு. வீணாப் போகுமேன்னு அம்புட்டுலயும் ஒட்டிட்டோம். எங்கிட்டுத் திரும்புனாலும் மாப்ள மூஞ்சிதான். எப்புடி?"

"இது எல்லாம் ஒரே தட்டுல எப்புடிண்ணே வந்துச்சு?"

"தட்டு தட்டையா இருந்துச்சு. கோபுரம் மாதிரி ஏத்திக் கட்டுனோம். ஸ்வீட்டையும் அந்தக் கேக்கையும் சேத்து."

கேக்கு! அவனுக்கே அது சோப்புன்னு தெரியல.

கவிதா அக்காவக் கூப்புட்டுக் காட்டுனேன். அக்கா ஒரு பாக்கெட்ட மோந்து பாத்தாக, இன்னொண்ண மோந்து பாத்தாக. ரெண்டும் ஒரே ஏலக்காய் வாசம். அவுகளுக்கே பிரிக்க முடியல. "ஆத்தாடி"ன்னாக. அம்புட்டுத்தான் வாயில வந்துச்சு.

இங்க கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. நான் எம்புட்டு தெளிவா லேபிள் போட்டாலும், அது என் கைய விட்டுப் போன பெறகு அதுமேல இன்னொருத்தன் மூஞ்சிய ஒட்டுவான். நம்ம ஊருல ஒட்டுவான். ஒட்டாம இருக்க மாட்டான். டிசைன் படிப்புல எந்த சாரும் இதச் சொல்லித் தரல.

ஓனருக்குப் போன் போட்டேன். மேளச் சத்தத்துல அவரு பேசுறதே கேக்கல. வெளிய ஓடி வந்து பேசுனேன்.

"சத்தம் போட்டுறாத"ன்னாரு ஓனரு. "நைசா ஒண்ணொண்ணா பொறுக்கி எடுத்துரு. கஸ்டமரு மானம் போயிரும்மா. அக்கா பேரும் நாறிரும், நம்ம பேரும் நாறிரும்."

அவரு சொன்னதுலயும் தப்பு இல்ல. நானும் அக்காவும் தட்டுக்கிட்ட குத்த வச்சு உக்காந்து, ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்து, கெட்டியா இருந்தா மடியில போட ஆரம்பிச்சோம். நாலஞ்சு கூட எடுத்திருக்க மாட்டோம், முதுகுல ஒரு தட்டு.

"ஏய், யாரு வீட்டுப் புள்ள நீ? சீர்த்தட்டுல கைய விட்டு மடியில கட்டுற?"

ஒரு பெரியம்மா. நல்ல ஒசரம். பக்கத்துல இருந்தவுகளும் திரும்பிட்டாக. "பாரேன், ஃபோட்டோ எடுக்குறேன்னு வந்து பலகாரத்த அமுக்குதுக"ன்னு இன்னொரு அம்மா. சிரிப்பு வேற. எனக்கு உச்சந்தலை காந்துது. இது சோப்புங்கன்னு சொல்லவும் முடியல, சொல்லாம இருக்கவும் முடியல. அக்கா என் கையப் புடிச்சு அமுக்குறாக. மடியில இருந்ததத் திருப்பித் தட்டுலயே கொட்டிட்டு எந்திரிச்சோம். அந்தக் கோபுரத்துல கொட்டுன சோப்பு எதுன்னு அதுக்கப்பறம் எங்களுக்கே தெரியாது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. செல்வம் அண்ணங்கிட்டயே சொல்றது.

அவரு மேடையில. பட்டு வேட்டி, கழுத்துல மாலை, மடியில மருமகன். ஆசாரி எதுத்தாப்புல ஊசியத் தொடச்சுக்கிட்டு இருக்காரு. கேமராக்காரன் லைட்டப் போட்டு நிக்கிறான். நான் பின்னாடி வழியா ஏறி, குனிஞ்சு அண்ணன் காதுல சொன்னேன்.

"அண்ணே, சோப்பும் மைசூர்பாக்கும் கலந்து கெடக்கு. ஸ்டிக்கர் ஒட்டி லேபிள் மறைஞ்சிருச்சு. தட்டுல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லிருங்க."

அண்ணே கேமராவப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே, பல்ல மட்டும் அசைச்சுப் பேசுறாரு. "சிரிச்சுக்கிட்டே எறங்கிப் போ தங்கச்சி."

"அண்ணே, சின்னப் புள்ளைக எடுத்துட்டா?"

"எவரும் எடுக்க மாட்டாக. சாமி கும்புட்டுத்தான் தட்டப் பிரிப்பாக. காது குத்தி முடியட்டும், நானே ஓரங்கட்டுறேன். இப்ப இந்த மாமியா முன்னாடி சோப்புன்னு வாயத் தொறந்தா என் அக்கா செத்துச்சு."

அதுவும் நியாயந்தான. அந்த எடத்துல அவரு நெனச்சது தப்புன்னு என்னால சொல்ல முடியாது. முறைப்படி அப்புடித்தான் நடக்கணும். நான் எறங்கி மேடைப் படியில நின்னேன்.

முறைப்படி நடக்கல.

பையன் ஊசியப் பாத்துட்டான். அலறுனான் பாருங்க, மேளமே அடங்கிருச்சு. மாமன் மடியில துள்ளுறான், ஒதைக்கிறான், ஆசாரி கையத் தள்ளி விடுறான். அண்ணன் அக்கா ஓடி வந்து புடிக்கிது. அப்ப அந்த மாமியாரு சத்தம்:

"இனிப்ப வாயில வைங்கடி, வலி தெரியாது! மாமன் கொண்டாந்ததுலயே எடுங்க!"

சொல்லிட்டு தானே குனிஞ்சு, கோபுரத்து உச்சியில இருந்து ஒரு பாக்கெட்ட எடுத்துச்சு. அது மட்டும் இல்ல. கீழ நின்ன பொம்பளைகளப் பாத்து, "எம் பேரன் அழுகுறதப் பாத்து மத்ததுகளும் அழுகப் போகுது, பொடிசுகளுக்கு ஆளுக்கொண்ணு குடுங்க"ன்னுருச்சு. நல்ல மனசு வேற. சீர நல்லாத்தான் பாத்திருக்கு போல. பெரியம்மா ஒருத்தவுக தட்டத் தூக்கிட்டு வரிசைக்குள்ள போயிட்டாக. என்னைய முதுகுல தட்டுன அதே பெரியம்மா.

மேடையில மாமியாரு கவரப் பிரிக்கிது. நான் அண்ணனப் பாக்குறேன். அண்ணே என்னையப் பாக்குறாரு. அவருக்கும் தெரியும். அவரு மருமகன் வாய்க்கிட்ட வர்றது சோப்பா, மைசூர்பாக்கான்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தலைய லேசா ஆட்டுனாரு. 'பொறு'ன்னு சொன்னாரா, 'சொல்லிறாத'ன்னு சொன்னாரா, எனக்குத் தெரியல. சிரிப்பு மட்டும் மூஞ்சியில அப்புடியே ஒட்டியிருக்கு.

இந்த எடந்தான். உங்களுக்கும் ஒரு நாள் வரும், வேற உருவத்துல வரும். மண்டைக்குள்ள என்னென்னமோ ஓடுது. அது மைசூர்பாக்கா இருந்து நான் கத்துனா? ஒரு மனுசன் பாடுபட்டுச் சேத்த மானத்த சும்மானாச்சும் நடு மண்டபத்துல போட்டு ஒடைச்ச மாதிரி ஆகும். சோப்பா இருந்து நான் கத்தலன்னா? கத்துறதுக்கு நான் யாரு? சொந்தமா, பந்தமா? லேபிள் ஒட்டுற புள்ள. ஓனரு வேணாம்னாரு. கஸ்டமரு வேணாம்னாரு. கவிதா அக்கா ஒண்ணுமே சொல்லாம செவுத்துல சாஞ்சு நிக்கிறாக, அவுக பொழப்பே இந்தச் சோப்புதான்.

மேடை ஓரத்துல சீரு வாசிக்கிறவரு மைக்க வச்சுக்கிட்டு, "தாய்மாமன் டைல்ஸ் செல்வம் அவர்களின் சீரோ சீரு"ன்னு இழுத்துக்கிட்டு இருந்தாரு.

புடுங்கிட்டேன்.

"எல்லாரும் ஒரு நிமிசம்! கையில இருக்க பாக்கெட்ட யாரும் பிரிக்காதீங்க! அதுல பாதி சோப்பு! இனிப்பு இல்ல, குளிக்கிற சோப்பு! புள்ளைக வாயில வச்சிருந்தா வெளிய எடுங்க, தண்ணி விட்டு வாயக் கழுவி விடுங்க! அப்பத்தா, நீங்க கையில வச்சிருக்கதக் கீழ போடுங்க!"

மாமியாரு கை பையன் ஒதட்டுக்கிட்ட நிக்கிது.

அது கீழ போடல. என்னைய மேலயும் கீழயும் பாத்துச்சு.

"யாருடி இவ? எதுடி சோப்பு? நெய் வாசம் மூக்கத் தொளைக்கிது!"

சொல்லிட்டு, அந்தத் துண்டத் தன் வாயில போட்டு நறுக்குன்னு கடிச்சுச்சு.

மென்னுச்சு. முழுங்குச்சு.

"மைசூர்பாக்குதான!"

எங்கிட்டிருந்தோ ஒருத்தன் விசில் அடிச்சான். மொத்த மண்டபமும் சிரிச்சுச்சு. செல்வம் அண்ணே மூஞ்சியில போன உசுரு திரும்பி வருது. "ஏம்மா, வெயில்ல மண்டை காஞ்சுபோச்சா உனக்கு?"ன்னு சீரு வாசிக்கிறவரு என் கையில இருந்து மைக்க வாங்குறாரு. செத்துரலாம்னு இருந்துச்சு எனக்கு. நெசமா.

அப்பத்தான் பின் வரிசையில ஒரு அம்மா கத்துச்சு.

சின்னப் பாப்பா. பாவாடை சட்டை போட்டு, தலை நெறையா மல்லிப்பூ. கையில கடிச்ச துண்டு. வாயில நுரை நுரையா வருது. துப்பத் தெரியல, அழுகவும் முடியல, முழிச்சுக்கிட்டு நிக்கிது.

அதுக்கப்பறம் ஒருத்தரும் சிரிக்கல. ஆளாளுக்கு அவுகவுக புள்ள வாயில வெரல விட்டு நோண்டுறாக. பாக்கெட்டு எல்லாம் தரையில விழுகுது, எங்க பாத்தாலும் சிங்கம் சிதறிக் கெடக்கு. அந்த மாமியாரு தன் வாயவே தொடைச்சுத் தொடைச்சுப் பாக்குது. நான் பாப்பாவத் தூக்கிட்டுக் கை கழுவுற எடத்துக்கு ஓடுனேன். கொப்பளிக்க வச்சு, வாயக் கழுவி, அப்பறம் அதோட அப்பா வண்டியில நான் பின்னாடி உக்காந்து பாப்பாவ மடியில வச்சு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் பாப்பா ஏலக்காய் வாசம் அடிக்கிது. அந்த வாசம் இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஆகாது. பாயாசம் திங்கிறதில்ல.

டாக்டரு கவரக் கேட்டாரு. நல்லவேளை ஒரு பாக்கெட்ட கையிலயே எடுத்திருந்தேன். சிங்கத்த உரிச்சு, பட்டைக்குப் பின்னாடி போட்ட பொருள் வெவரத்தக் காட்டுனேன். படிச்சுப் பாத்துட்டுக் கொஞ்ச நேரம் வச்சிருந்து பாத்தாரு. வயித்துக்குள்ள பெருசா போகல, கடிச்சதோட சரின்னாரு. வீட்டுக்கு அனுப்பிட்டாரு. பாப்பாவோட அப்பா என்னையத் திட்டுவாருன்னு நெனச்சேன். "நீ மைக்குல சொல்லாட்டி ரெண்டாவது கடி கடிச்சிருக்கும்மா"ன்னாரு. நான் அப்பத்தான் அழுதேன்.

மண்டபத்துல அதுக்கப்பறம் என்ன நடந்துச்சுன்னு கவிதா அக்கா சொல்லித்தான் தெரியும். பையனுக்கு ஒரு வழியா காது குத்திட்டாக. குத்தி முடிச்ச கையோட அந்த மாமியாரு மருமகளப் பாத்துக் கேட்டுச்சாம், மைக்கே தேவையில்ல, அந்தக் கொரலுக்கு:

"ஏன்டி, எங்க சனத்தக் குளிக்காத சனம்னு நெனச்சு உன் தம்பி சோப்பு தூக்கிட்டு வந்தானாக்கும்?"

அண்ணே எந்திரிச்சிருக்காரு. அவுக அக்கா அவரு கையப் புடிச்சு, "நீ செத்த பேசாம இரு"ன்னு கெஞ்சியிருக்கு. பையனோட அப்பா, "பச்சப் புள்ளைக வெளையாட்டாய்யா உனக்கு?"ன்னு கேட்டிருக்காரு. செல்வம் அண்ணே மாலையக் கழட்டி நாக்காலியில வச்சுட்டு, சாப்புடாம எறங்கிப் போயிட்டாராம். மாமன் சாப்புடாமப் போற காதுகுத்து. அத அந்த ஊரு எம்புட்டு நாளைக்குப் பேசும்னு உங்களுக்கே தெரியும். நான் மைக்குல கத்துன வீடியோவ அந்தக் கூலிங் கிளாஸ் கூட்டாளியே ஸ்டேட்டஸ்ல போட்டுட்டான். லந்துக்கு. 'சோப்பு மாமா'ன்னு பேரு ஒட்டிருச்சு அண்ணனுக்கு. அதுகிட்ட எந்த லேபிளும் தோத்துரும், உரியவே உரியாது.

கொஞ்ச நாள் கழிச்சு ஆபீசுக்கு வந்தாரு. ஓனரு பாத்ததும் பின்னாடி ரூமுக்குப் போயிட்டாரு, நான்தான் மாட்டுனேன்.

"மைக்குல சொல்லித்தான் ஆகணுமா தங்கச்சி? என் காதுல சொல்லியிருக்கக் கூடாதா?"

"காதுலதான்ணே மொதல்ல சொன்னேன்."

டேபிள்ல கெடந்த சாம்பிள் சோப்பு ஒண்ண எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"அந்தப் பாப்பா?"

"நல்லா இருக்குண்ணே. நேத்துகூட போயிப் பாத்துட்டு வந்தேன்."

"நீ செஞ்சது சரிதான். என் மருமகன் வாயா இருந்திருந்தாலும் நீ சொல்லித்தான் ஆகணும். எல்லாம் சரிதான்." சோப்பக் கீழ வச்சாரு. "ஆனா எங்க அக்கா அந்த வீட்டுலதான தங்கச்சி இருக்கணும்? அதுக்கு நான் என்ன சொல்றது?"

என்கிட்ட பதில் இல்ல. இப்பவும் இல்ல. அதனாலதான் இதக் கதையா சொல்றேன், அட்வைஸா சொல்லல.

ஆனா வேலைய மாத்துனோம், அதக் கேட்டுக்கங்க. இப்ப கவிதா அக்கா சோப்புல 'சோப்பு'ங்கிற எழுத்து சோப்புலயே அச்சா பதிஞ்சிருக்கும். எவன் எந்தச் சிங்கத்த ஒட்டுனாலும் கவரப் பிரிச்சதும் கண்ணுல அடிக்கும். பர்பி மாதிரி வெட்டுறத நிறுத்தியாச்சு, எலை வடிவத்துல வார்க்குறாக. சீரு, கல்யாணம், வளைகாப்புன்னு ஆர்டரு வந்தா நான் கலரு கேக்குறதில்ல, ஃபாண்ட்டு கேக்குறதில்ல. மொத கேள்வி: இது எது பக்கத்துல இருக்கப் போகுது? ரெண்டாவது: இத யாரு பிரிக்கப் போறா? படிக்கத் தெரியாத புள்ள கையிலயும், படிக்க நேரம் இல்லாத ஆத்தா கையிலயும் அந்தப் பொருள் தானே வாயத் தொறந்து 'நான் சோப்பு'ன்னு சொல்லணும். சொல்லலன்னா உங்க டிசைன் வெறும் பேப்பரு.

கஸ்டமரு சொல்வாரு, "பெருசா பேரு வேணாம், ரிச்சா இருக்கணும்." சரின்னு தலைய ஆட்டிட்டு பேரப் பெருசா போடுங்க. சண்டை வந்தா வரட்டும். ஆபீசுக்குள்ள போடுற சண்டை, மண்டபத்துல போடுற சண்டைய விடச் சல்லிசு.

அப்பறம் இன்னொண்ணு. தப்பு நடக்குதுன்னு கண்ணுல பட்டுட்டா மொதல்ல மைக்கு, பெறகு போனு. ஓனரு படிச்சுட்டுத் திட்டட்டும், பரவால்ல. நான் வெளிய போயிப் போன் பேசுனேன், தட்டுல பொறுக்குனேன், காதுல சொன்னேன், படியில நின்னு யோசிச்சேன். அம்புட்டும் மரியாதையான வேலைதான். அம்புட்டுக்கும் நேரம் ஆச்சு. நீங்க சொல்றது பொய்யாப் போயி ஊரே சிரிச்சாலும் பரவால்ல, சிரிச்சுட்டுப் போறானுக. எனக்கு அந்தச் சிரிப்பு கேட்டுச்சு, செத்துப் போயிரல.

பையனுக்குக் காது ஆறிருச்சு, ரெண்டு காதுலயும் கம்மல் போட்டுத் திரியிறான். செல்வம் அண்ணே இன்னும் அவுக அக்கா வீட்டுப் படி ஏறல.